அம்மிக்கல் மேல் வைத்த முட்டை

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்குப் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். ரெண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கு. போன ஆவணி கடைசியில தோப்புல ஒரு கீரிக்குட்டி தனியா கிடந்துச்சு. கண்ணு அப்பத்தான் திறந்திருந்தது. என் மகள், 9 வயசு, நாலாவது படிக்கிறா, தூக்கிட்டு வந்து இங்க் ஃபில்லர்ல பால் ஊட்டி வளர்த்தா. 'முந்திரி'ன்னு பேர் வெச்சா. ஏழு மாசம் வீட்டுல ஒரு பிள்ளை மாதிரி இருந்துச்சு. இவ பள்ளிக்கூடம் விட்டு வர்ற சத்தம் கேட்டா படல் வரைக்கும் ஓடும், மடியில சுருண்டு தூங்கும். முட்டை கொடுத்தா அம்மிக்கல்லுல மோதி உடைச்சுக் குடிக்கும்.

கொஞ்ச நாள் முன்னாடி பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு நாலைத் தூக்கிடுச்சு. பெரிய சண்டையாயிடுச்சு, ஃபாரஸ்ட்ல சொல்லிடுவேன்னாங்க. ஒருநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் சாக்குல போட்டு, வண்டியில 12 கிலோமீட்டர் எடுத்துட்டுப் போய் கெடிலம் ஆத்தங்கரையில விட்டுட்டேன். சாக்குல போடும்போது என் கட்டைவிரலைக் கடிச்சிடுச்சு. மகள்கிட்ட, 'அதோட அம்மாவைத் தேடிப் போயிடுச்சு'ன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அவ பின்வாசல் அம்மிக்கல் மேல ஒரு முட்டை வெச்சா. அவ மனசு உடையக் கூடாதேன்னு விடியறதுக்குள்ள அதை உடைச்சு ஊத்திட்டு, ஓட்டை மட்டும் அங்கேயே போட்டேன். காலையில 'பாருப்பா, முந்திரி வந்திருக்கு'ன்னு சிரிச்சா. 22 நாளா அவ வைக்கிறா, நான் எடுக்கிறேன். லீவுக்கு நெல்லிக்குப்பத்துல ஆயா வீட்டுக்கும் வரமாட்டேங்கிறா, முந்திரி பட்டினி கிடக்குமாம். 'ஒரு கீரிக்காடா இப்படி'ன்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. உண்மையைச் சொல்லிடலாமா? இல்ல, இப்படியே விட்டா மறந்துடுவாளா? முயல்குட்டி வாங்கித் தரலாமான்னு என் மனைவி கேக்குறா.

— பெயர் வேண்டாம், பண்ருட்டி வட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கட்டைவிரலைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். ஊசி போட்டதாக எங்கேயும் இல்லை. ரேபிஸ் என்றால் நாய்க்கு மட்டும்தான் என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். கீரிக்கும் அது வரும், கீரி கடித்தால் நமக்கும் வரும். காட்டு விலங்கு எது கடித்தாலும் மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகைக் கடி என்றுதான் மருத்துவமனையில் எடுத்துக்கொள்வார்கள். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டிவரும். 'நாம வளர்த்ததுதானே, நல்லாத்தானே இருந்துச்சு' என்று இருந்துவிடாதீர்கள். வெளியே போய் வந்துகொண்டிருந்த பிராணி அது. இனி அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. 22 நாள் ஆகிவிட்டதே என்றும் விட்டுவிடாதீர்கள். தாமதமானாலும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்; நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. நாளைக் காலையில் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28 ஆம் நாள்கள். ஒன்றையும் விடக் கூடாது. மகளையும் கூட்டிப்போங்கள். ஏழு மாதம் மடியில் கிடந்ததென்றால் விளையாட்டில் பல் பட்டிருக்கும், நகம் கீறியிருக்கும். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, 'முந்திரி உன்னை எப்பப்பா கடிச்சுச்சு?' என்று அவள் கேட்பாள். ஆகவே இன்று சாயங்காலமே நீங்கள் அவளிடம் பேசிவிட வேண்டும்.

ஆமாம், சொல்லிவிடுங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் செய்த இதே காரியத்தை நான் ஒருமுறை செய்ய வைத்திருக்கிறேன்.

1994இல் கடலூரை அடுத்த ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலையில் இருந்தேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் மரநாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். பனைமரத்தை வெட்டியபோது விழுந்த குட்டி. நான்கு மாதமாக வளர்த்திருக்கிறான். மூக்கில் சளி, கண்ணில் பீளை, தாடை தானாக ஆடிக்கொண்டே இருந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் மரநாய்க்கும் வரும். வலிப்பு வந்துவிட்ட பிறகு மீட்பது மிகக் கடினம். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவனுடைய அம்மாவின் முன்னால் அதற்குக் கடைசி ஊசியைப் போட்டேன். அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பையன்கிட்ட என்னம்மா சொல்றது?' என்று கேட்டார். 'குணமாகி அதோட அம்மாகிட்டப் போயிடுச்சுன்னு சொல்லிடுங்க' என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நல்ல வார்த்தை சொன்னதாகவே நினைத்துக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்தொன்பது வருடம் கழித்து, வேறொரு ஊரில், ஒரு வாலிபர் தன் நாய்க்கு ஊசி போடக் கூட்டிவந்தார். போட்டு முடித்து அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். 'டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? அந்த மரநாய் உண்மையிலேயே அம்மாகிட்டப் போச்சா?' என்றார். பேனா அப்படியே நின்றுவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். 'பத்தாவது முடிக்கிற வரைக்கும் தினம் ராத்திரி டார்ச் அடிச்சுப் பனமரத்தையெல்லாம் பார்ப்பேன் டாக்டர். ஒருநாள்கூட வரலை. அது என்னை மறந்துடுச்சுன்னு நினைச்சேன்' என்றார்.

இறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் பதினோரு வயதுப் பையன் ஒரு மாதம் அழுதிருப்பான். நான் கொடுத்த பொய், அந்தக் குட்டிக்கு அவன்மேல் பாசமே இல்லாமல் போயிற்று என்று அவனை நம்ப வைத்தது. அதை நான் கணக்குப் போடவே இல்லை.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது, தம்பி. 'அம்மாவைத் தேடிப் போயிடுச்சு' என்று நீங்கள் சொன்ன கதையில் உங்கள் மகளை விட்டுப் போனது முந்திரி. அவள் எங்கேயோ குறை வைத்துவிட்டாள், அதனால் அது போய்விட்டது. ராத்திரி வந்து முட்டையைக் குடித்துவிட்டு அவளைப் பார்க்காமலேயே திரும்பிப் போகிறது. ஏன் மடிக்கு வரவில்லை என்று அவள் யோசிக்காமல் இருப்பாளா? உங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் கோபம் உங்கள்மேல் திரும்பும். திரும்பட்டும். அவள் கோபத்தைத் தாங்க நீங்கள் எதிரில் இருக்கிறீர்கள், நாளைக்கும் இருப்பீர்கள். முந்திரிமேல் வருகிற வருத்தத்தை அவள் எங்கே போய்க் கொட்டுவாள்?

மறந்துவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு தெரியாத காத்திருப்பு எளிதில் மறக்காது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுத் திண்ணைகளைப் பார்த்தவர்கள் நம் கடலூர்க்காரர்கள். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு நீங்கள் தினம் விடியற்காலையில் அந்தக் காத்திருப்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறீர்கள். இருட்டில் எழுந்து முட்டை ஓட்டை உடைத்துப் போடும் அப்பாவை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை பாசம் இருப்பவரால்தான் அதைச் செய்ய முடியும். ஆனால் இன்றோடு நிறுத்துங்கள்.

அவள் முட்டை எடுத்து வைக்கப் போகும் நேரத்துக்கு முன்பே பேசுங்கள். படுக்கிற நேரத்தில் வேண்டாம். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். சுற்றி வளைக்காமல், 'முந்திரி தானா போகலை. நான்தான் கொண்டுபோய் ஆத்தங்கரையில விட்டேன். உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்பு. முட்டையைத் தினமும் எடுத்ததும் நான்தான்' என்று சொல்லுங்கள். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஆனா' என்று தொடங்கி ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். கோழிக்குஞ்சு, பக்கத்து வீட்டுச் சண்டை, ஃபாரஸ்ட் எல்லாம் அவள் கேட்டால் சொல்லலாம். முட்டையைப் பற்றிச் சொல்லத்தான் உங்களுக்கு நாக்கு வராது. 22 நாள் அவள் சிரித்த சிரிப்பைத் திருப்பி வாங்குவது போல இருக்கும். விட்டுவிடாமல் சொல்லுங்கள். பாதியை மறைத்து, பிறகு ஒருநாள் அதுவாக வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மீதியையும் நம்பமாட்டாள்.

அவள் கத்தலாம், அடிக்கலாம், அப்பாவோடு பேசமாட்டேன் என்று சாப்பிடாமல் படுக்கலாம். சமாதானப்படுத்த ஆயாவை வரவழைக்காதீர்கள், ஐஸ்கிரீம் வாங்கி வராதீர்கள். பக்கத்திலேயே இருங்கள். இரண்டு கேள்வி வரும் என்று நினைக்கிறேன். 'ஏன் என்கிட்ட சொல்லலை?' என்று கேட்டால், 'நீ அழுறதை என்னால பார்க்க முடியாதுன்னு பயந்துட்டேன்' என்று சொல்லுங்கள். உங்கள் கடிதம் முழுக்க அதுதானே இருக்கிறது. 'இப்ப உயிரோட இருக்கா?' என்று கேட்டால், 'தெரியாதும்மா' என்பதுதான் நேர்மையான பதில். அதற்கு மேல் நீங்கள் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. அதை நான் எழுதித் தருகிறேன்.

பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு நாலு போனது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். சண்டையில் நீங்கள் கூனிக் குறுகி நின்றிருப்பீர்கள். ஆனால் கால்நடை மருத்துவர் கண்ணுக்கு அது வேறு சங்கதி. கையில் ஊட்டி வளர்த்த குட்டிகளில் பலவற்றுக்கு இரை பிடிக்கத் தெரியாது. முந்திரிக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லித்தர தாய் இல்லாமலே தெரிந்திருக்கிறது. கீரி பகலில் மேயும் பிராணி. எலி, ஓணான், வெட்டுக்கிளி, தேள், பாம்பு, நண்டு, முட்டை, உதிர்ந்த பழம் எதையும் தின்னும். கெடிலக் கரையில் கோரைப்புல்லும் கருவேலம் புதரும் எலி வளையும் இருக்கிற இடத்தில் இரைக்குப் பஞ்சம் வராது. குரங்கு என்றால் கூட்டம் சேர்த்துக்கொள்ளுமா என்று கவலைப்பட வேண்டும். கீரி பெரும்பாலும் தனியாகவே திரியும் சாதி. ஏறக்குறைய ஆறு மாதத்தில் குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்துவிடும். முந்திரிக்கு வயது ஏழு மாதத்துக்கு மேல். தோப்பில் அதன் தாயோடு வளர்ந்திருந்தாலும் இந்தப் பங்குனி, சித்திரையில் அது தனக்கென்று ஒரு வளை தேடிப் போயிருக்கும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதற்கு மனிதர்கள்மேல் பயம் கிடையாது, நாயைக் கண்டு எந்த அளவுக்கு ஒதுங்கும் என்று தெரியாது. பழகிய வளை ஒன்றுகூட இல்லாத இடத்தில் திடீரென்று விடப்பட்டிருக்கிறது. சரியான முறை என்றால், வனத்துறையிடம் முதலிலேயே சொல்லி அவர்கள் சொல்படி நடப்பது. வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தானே இரை தேடப் பழக்கி, வாரக்கணக்கில் விலக்கிவிடுவது. அந்த வேலையில் மகளுக்கும் பங்கு இருந்திருந்தால் அவள் அழுதுகொண்டே செய்திருப்பாள், ஆனால் செய்திருப்பாள். கண்ணுக்கு முன்னால் தினம் ஒரு அங்குலம் விலகிப் போவதைப் பார்க்கிற குழந்தைக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து காலியாகக் கிடக்கும் படலைப் பார்க்கிற குழந்தைக்கும் எத்தனையோ வித்தியாசம். அது போனது போனதுதான். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவளுக்கு வழியனுப்பக் கிடைக்கவில்லை, அதை இப்போதாவது கொடுக்க முடியும் என்பதற்காக எழுதுகிறேன்.

கோபம் கொஞ்சம் தணிந்து, அவளாகவே 'எந்த இடம்?' என்று கேட்கும்போது அந்த ஆற்றங்கரைக்கு வண்டியில் கூட்டிப்போங்கள். அவள் கேட்கவில்லை என்றால் நான்கைந்து நாள் கழித்து நீங்கள் கேளுங்கள். வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், சாக்கின் வாயை எங்கே அவிழ்த்தீர்கள், அது எந்தப் பக்கம் ஓடியது, திரும்பிப் பார்த்ததா, எல்லாவற்றையும் அதே இடத்தில் நின்று சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். முந்திரியைத் தேடப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அது போன இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். ஒருவேளை ஒரு கீரி குறுக்கே ஓடினாலும் கிட்டே போய்ப் பிடிக்கவோ சோறு வைக்கவோ விடாதீர்கள். கையை நம்பி மனிதரிடம் வரும் கீரிக்கு ஆயுசு குறைவு.

இடத்தைப் பார்ப்பதால் என்ன வந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். தானே புயலில் உங்கள் தோப்பும் போயிருக்கும். அதற்குப் பிறகு மாடு பார்க்க நான் போன ஒரு ஊரில், வேரோடு சாய்ந்த பலாமரத்தின் குழியை மூடவே விடவில்லை ஒரு பெரியம்மா. மாமனார் வைத்த மரமாம். மரத்தை வெட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது, குழி மட்டும் இருந்தது. தினம் காலையில் காபித் தம்ளரோடு போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மகன்கள் திட்டினார்கள். மாசி வரைக்கும் அப்படி இருந்துவிட்டு, ஒருநாள் அவரே மண்வெட்டி எடுத்து மூடி ஒரு கன்று வைத்தார். உங்கள் மகளுக்கு உட்கார ஒரு குழிகூட இல்லை.

முயல்குட்டி இப்போது வேண்டாம். உங்கள் மனைவியின் மனசு புரிகிறது. ஆனால் முயல் ஒரு உயிர். புண்ணுக்குப் போடும் களிம்பாக அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அழுதால் வேறொன்று கிடைக்கும் என்பது முந்திரிக்கும் மரியாதை இல்லை, முயலுக்கும் இல்லை. ஆறு மாதம் கழித்து அவளே கேட்டால் அப்போது யோசிக்கலாம். கிளி வாங்கலாமா என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியும் கீரியைப் போலவே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பாசத்தோடு வளர்த்தாலும் குற்றம்தான். படம் வரையும் தூரிகைக்காக, ஒரு பிடி முடிக்காகக் கீரிகளைக் கொன்று குவித்திருக்கிறார்கள். மகள் கொஞ்சம் பெரியவளானதும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றை இப்போதைக்கு அவளிடம் சொல்லவே வேண்டாம். தாய்க்கீரி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வளை மாற்றும். தனியாகக் கிடக்கிற குட்டி எல்லாமே அநாதை இல்லை. தாய் திரும்பி வந்துகொண்டிருக்கலாம். அடுத்தமுறை தோப்பில் எதைக் கண்டாலும் தூர நின்று பாருங்கள், நாய் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் இதை இன்று சொன்னால், 'அப்ப நான்தான் அதை அம்மாகிட்டேர்ந்து திருடிட்டேனா' என்று அந்தக் குழந்தை எடுத்துக்கொள்ளும்.

சிரிக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 நவம்பர் 30 காலையில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியில் மயங்கி விழுந்து இறந்தபோது ஊரே தெருவுக்கு வந்து அழுதது. மாலையோடு வந்தார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. யானைக்கு அழலாம், கீரிக்கு அழக் கூடாது என்று ஒரு ஒன்பது வயதுக் குழந்தையிடம் எந்த நியாயத்தில் சொல்வது? வீட்டில் யாராவது சிரித்தால் அவள் முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அவள் பக்கம் நிற்பதை அவள் பார்க்க வேண்டும்.

அழுகை ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போகமாட்டேன் என்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அது என் வேலைக்கு அப்பாற்பட்டது.

கடைசியாக அந்த முட்டை. எல்லாம் தெரிந்த பிறகும் அவள் நாளை ராத்திரி அம்மிக்கல் மேல் ஒரு முட்டை வைக்கலாம். வைக்காதே என்று சொல்லாதீர்கள். நீங்கள் மட்டும் எழுந்து போகாதீர்கள். காலையில் அது அப்படியே இருக்கட்டும், அல்லது காக்கா வந்து கொத்தட்டும், அவள் பார்க்கட்டும். எத்தனை நாள் வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அவள் முடிவு செய்வாள். ஆயா வீட்டுக்குப் போகும் பேச்சையும் அதுவரைக்கும் எடுக்காதீர்கள்.

ஆற்றங்கரைக்குப் போய்வந்த பிறகு, அவளுக்கு விருப்பம் இருந்தால் அவளையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கீரியைப் பற்றி எது கேட்டாலும் பதில் எழுதுகிறேன். எனக்கும் அவளிடம் கேட்க இருக்கிறது. 31 வருடத்தில் காயம்பட்ட கீரிகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன், மேஜைமேல், பயந்துபோய், பல்லைக் காட்டிக்கொண்டு. மடியில் தூங்கும் கீரி எப்படி மூச்சு விடும், முட்டையை அம்மியில் மோதும்போது முன்னங்காலால் பிடிக்குமா பின்னங்காலுக்கு இடையில் தள்ளுமா, சந்தோஷத்தில் என்ன சத்தம் போடும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அன்புடன்,
டாக்டர் அம்மா